அம்மா காத்திருந்த நல்ல தண்ணீர்

எங்கள் அம்மா ஆண்டவரிடம் போய் இன்றோடு ஓராண்டு. மகன் என்ற உரிமையில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் பிழையைச் சொல்லாமல் அம்மாவைப் பற்றி எழுத முடியாது.

அம்மா அடம்பனில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்து, மன்னார்த் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். சண்டைக் காலத்தில் தமிழ்நாட்டு முகாமுக்குப் போனோம். அப்பாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு எங்களோடு திரும்பினார். வீடு இடிந்து கிடந்தது. மணலில் அப்பா வெட்டிய கிணறு மட்டும் இருந்தது. அம்மா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார்.

“சுத்திவரக் கடல். நடுவில நல்ல தண்ணி. ஆண்டவர் இஞ்ச இல்லையெண்டு ஆரும் சொல்லேலுமே?” என்பார். பிரசங்கம் நீண்டால் கோயிலில் தூங்கிவிடுகிற அம்மா, கிணற்றடியில் செபிக்கும்போது ஒருநாளும் தூங்கியதில்லை.

தீவில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும். அடியில் உப்புத் தண்ணீர். கிணற்றை ஆழமாக்காதே என்று அம்மா எத்தனையோ தரம் சொன்னார். ஒரு கோடையில், அவர் நானாட்டானில் என் தங்கச்சி வீட்டுக்குப் போன நேரம், நான் ஆள் பிடித்துத் தோண்டி, மோட்டரும் பூட்டினேன். சில நாளில் கிணற்றுத் தண்ணீர் கரித்தது; சீனி போட்ட தேத்தண்ணீரும் உப்பாகிவிட்டது.

அம்மா வந்து குடித்துப் பார்த்தார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

“தோண்டினதை மண் போட்டு மூடு. மோட்டரைக் கழட்டு. மிச்சத்தை ஆண்டவர் மழையால திருத்துவார்” என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஒவ்வொரு மாரிமழை முடியவும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். “இன்னும் கரிக்குது மோனை. அவருக்கு அவசரமில்லை, உனக்குத்தான்” என்று சிரிப்பார். நாலு மாரி அப்படிப் போயின.

ஐந்தாவது மாரிக்கு முன்னமே அம்மா படுக்கையில் விழுந்தார். கடைசி நாட்களில் போத்தல் தண்ணீரைக் கரண்டியால் பருக்கினேன்.

“கிணத்துத் தண்ணியோ?”

“இல்லை அம்மா.”

“வரும்” என்றார்.

அந்த மாரி முடிந்ததும் நானும் ஒரு கை அள்ளிக் குடித்தேன். கரிக்கவில்லை. திரும்பவும் குடித்தேன். கிணற்றடியில் முழந்தாளிட்டுச் சத்தமாக அழுதேன்.

அந்த வருடங்களெல்லாம் முகம் சுளிக்காமல் குடிதண்ணீர் தந்த அயல்வீட்டு றெஜினா மாமிக்கும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர்களுக்கும், செபித்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திருப்பலி முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். தேத்தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான். அம்மா ஒருவருக்குத்தான் கொடுக்க முடியாமல் போய்விட்டது.