சேதுபதி குறுக்கே நின்ற கார்

சேதுபதிக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பரமக்குடிப் பக்கத்து ஆள். துபாய் அல் குசைஸில் எங்கள் கராஜில் வண்டிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங், ஷாக், ஆக்சில் எல்லாம் அவர் பொறுப்பு. நான் பெயின்டர் மணிமாறன். ஒரே ரூம், கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் எனக்கு. ஏசியை ஐஸ் பெட்டி மாதிரி வைத்துவிட்டு ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டு தூங்குகிற மனிதரைப் புகழ்ந்து எழுத எனக்கென்ன ஆசையா? ஆனால் அன்றைக்கு அவர் செய்ததை நான் சொல்லாவிட்டால் வேறு எவனும் சொல்லமாட்டான்.

அவர் ஒருநாளும் தன் தப்பை ஒத்துக்கொண்டதில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போனால் உப்புக் கம்பெனியைத் திட்டுவார். வேலையில் மட்டும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். அவர் கைபட்ட வண்டி வெளியே போகுமுன் ட்ரையலுக்கு அவரே ஏறி உட்காருவார். "நான் உக்காராத வண்டியில கஸ்டமர் எதுக்கு உக்காரணும்?" என்பார்.

தாரிணியின் கார் ஐம்பது வயது தாண்டிய அமெரிக்க மசில் கார். அந்தப் பெண் துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள், ஏதோ டிசைன் கம்பெனியில் வேலை. கால் மைல் ரேஸ் என்றால் உயிர். காரில் ஒரே ஒரு கோளாறு. நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் தரையைப் பிடிக்காமல் தடதடவென்று குதிக்கும். எஞ்சின் கொடுக்கிற வேகத்தில் பின் ஆக்சில், ஷாஃப்ட் வந்து சேருகிற தன் மூக்கைத் தூக்கும், ஸ்பிரிங் பட்டைகள் முறுக்கிக்கொள்ளும், அடுத்த நொடி விட்டுக்கொடுக்கும், மறுபடி முறுக்கும். அந்த இழுபறிதான் குதிப்பு. ரேஸ் டிராக்கில் முழு வேகத்தில் அப்படிக் குதித்தால் ஆக்சிலோ ஷாஃப்டோ முறியும், கார் பக்கத்துக் கான்கிரீட் சுவரில் போய் அடிக்கும். உள்ளே இருப்பவள் கதி என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை.

முதலில் சேதுபதி தன் ஊர் லாரிப் பட்டறைப் புத்தியைக் காட்டினார். ஆடுகிற வண்டிக்கு இன்னொரு பட்டை ஏற்று, எல்லாம் சரியாகிவிடும் என்று ஏற்றினார். குதிப்பு இரண்டு மடங்கானது. உடனே கார்தான் சரியில்லை என்று அதைத் திட்டினார். அப்புறம் ஏற்றிய பட்டையைக் கழற்றி, புஷ் மாற்றி, ஷாக் மாற்றி, தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வழிக்கு வந்தார். ஆக்சிலின் மூக்கில் ஒரு கெட்டி ரப்பர் கட்டையைப் பொருத்தினார். மூக்கு மேலே தூக்கும்போது ரப்பர் போய்க் காரின் தரைத்தகட்டில் முட்டும்; முட்டினால் அதற்கு மேல் தூக்காது, குதிப்பும் வராது. இடைவெளி கூடிப்போனால் ரப்பர் முட்டுவதற்குள் குதிப்பு முந்திக்கொள்ளும். இடைவெளி சரிதானா என்று பார்க்க அவரிடம் ஒரு பழைய முறை உண்டு. எண்ணெயில் குழைத்த குங்குமத்தை ரப்பரின் தலையில் பூசி ட்ரையல் போவார். திரும்பி வந்து பார்க்கும்போது தகட்டில் சிவப்பு ஒட்டியிருந்தால் ரப்பர் முட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று ஆயுத பூஜை. மேனேஜர் அகமது கபீர் கீழக்கரைக்காரர். பூஜைக்கு நிற்கமாட்டார், பொரி கடலை மட்டும் அவர் செலவில் வந்துவிடும். எலக்ட்ரீஷியன் விஜயபாஸ்கர்தான் எங்களுக்குப் பூசாரி. ஸ்பேனர் முதல் கம்ப்ரஸர் வரை சந்தனம் குங்குமம் வைத்தான். தாரிணியின் கார் லிப்டில் உயர நின்றது. சேதுபதி ரப்பரில் குங்குமம் பூசிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்.

சாயங்காலம் ட்ரையல். கராஜுக்குப் பின்னாலிருக்கும் ரோட்டில் தாரிணி ஓட்ட, இவர் பக்கத்தில். மிதித்தாள். டயர் கீச்சென்று சுழன்றதே தவிரக் குதிக்கவில்லை. அந்த ரோட்டில் எப்போதும் மண் கிடக்கும். மண்ணில் டயர் வழுக்கத்தான் செய்யும், பிடித்தால்தானே குதிக்க? அது சேதுபதிக்கும் தெரியும். அதனால்தான் அவர் குங்குமத்தை நம்பினார். திரும்பி வந்தபோது லிப்டில் வேறு வண்டி ஏறிவிட்டிருந்தது. கபீர் பாய் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சேதுபதி படுத்து அடியில் கையை விட்டுத் தகட்டைத் தடவினார். விரல் சிவப்பாக வந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "முட்டியிருக்கு மேடம், கண்ணை மூடிக்கிட்டு மிதிங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ரேஸ். கபீர் பாய் எங்களையும் வேனில் ஏற்றிப் போனார். பாலைவனத்து ஓரம், வெயில் இறங்கியும் அனல் போகவில்லை. புறப்படும் இடத்தில் தார் மேல் பசை தெளித்திருந்தார்கள்; நடந்தால் செருப்பே ஒட்டிக்கொண்டது. அங்கே டயர் வழுக்க வாய்ப்பே இல்லை.

தாரிணிக்கு முன்னால் ஒரே ஒரு ஜோடிக் கார்தான் பாக்கி. அவள் டயரைச் சூடாக்கப் புகை கிளப்பிக்கொண்டிருந்தாள். விஜயபாஸ்கர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்ற வருஷம் மாதிரி பானட்டோடு விட்டுவிடவில்லையாம். வண்டி லிப்டில் நின்றதால் அடிவயிற்றிலும் பொட்டு வைத்தானாம். அண்ணன் மாட்டிய ரப்பருக்கு நேர் மேலேயே தகட்டில் பெரிசாக ஒன்று. இனி ஒன்றும் ஆகாது, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றான்.

சேதுபதியின் முகத்தில் ஈயாடவில்லை. வலது கை விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ரப்பர் முட்டவே இல்லை. அவர் விரலில் வந்தது பூஜைப் பொட்டு.

நான் கபீர் பாயைத் தேடித் திரும்பினேன். அதற்குள் இந்த மனிதர் இடுப்புயரச் சுவரைத் தாண்டிவிட்டார். ஐம்பதைத் தொட்ட உடம்பு, தொப்பை வேறு. டிராக்கின் மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் கத்திக்கொண்டே துரத்தினார்கள். முன்னால் நின்ற ஜோடி பறந்து போயாயிற்று. தாரிணியின் கார் புறப்படும் கோட்டுக்கு ஊர்ந்து வந்தது, எஞ்சின் சத்தத்தில் என் நெஞ்சே அதிர்ந்தது. சேதுபதி பக்கத்தில் நிற்கவில்லை, கையாட்டவில்லை. நேராகப் போய்ப் பம்பருக்கு முன்னால், இரண்டு விளக்குக்கும் நடுவில் நின்றார். பசையில் செருப்பு ஒட்டிக்கொண்டது. அவர் நினைத்தாலும் சட்டென்று விலகியிருக்க முடியாது. அவள் கண் புறப்படச் சிக்னல் கொடுக்கிற விளக்குக் கம்பத்தின் மேல் இருந்தது. கம்பத்தில் மஞ்சள் எரிய ஆரம்பித்தது. பைத்தியக்காரா, விலகு என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

சிவப்பு விழுந்தது. எவனோ புண்ணியவான் பொத்தானை அழுத்திவிட்டான்.

அவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். செருப்பு ஒன்று கோட்டிலேயே கிடந்தது. தாரிணியை அன்றைய ரேஸிலிருந்து எடுத்துவிட்டார்கள், இவருக்கு இனி டிராக் பக்கமே வரக்கூடாதென்று தடை. கபீர் பாய் அரபியிலும் இந்தியிலும் மன்னிப்புக் கேட்டே ஓய்ந்துபோனார். காரைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நிறுத்தினோம். தாரிணி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. மூன்று மாதம் காத்திருந்தேன், நீதானே கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கச் சொன்னாய் என்பது புரிந்தது.

சுற்றிலும் கூட்டம். அதில் பாதிப் பேர் எங்கள் கராஜுக்கு வரவேண்டிய கஸ்டமர்கள். சேதுபதி இப்போதும் யாரையாவது கைகாட்டுவார் என்று நினைத்தேன். விஜயபாஸ்கர் பக்கத்திலேயே வெளிறிப்போய் நின்றான்.

"தப்பு என்னோடது மேடம்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "கண்ணால பாக்காம விரலை நம்பிட்டேன். ரப்பர் முட்டல. இந்தப் பசையில மிதிச்சிருந்தா குதிச்சிருக்கும்."

அவள் நம்பவில்லை. குனிந்து போனின் விளக்கைப் போட்டு, அடியில் நீட்டிப் படம் எடுத்தாள். படத்தை நானும் எட்டிப் பார்த்தேன். தகட்டில் சந்தனம் காய்ந்து மஞ்சளாக இருந்தது, நடுவில் விரல் இழுத்த கோட்டோடு குங்குமம். கீழே ரப்பரின் தலையில் பூசின எண்ணெய்க் குங்குமம் பூசினபடியே, ஒரு கீறல் கூட இல்லாமல். இரண்டுக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழையும்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அங்கிள், சைடுல நின்னு கை காட்டியிருக்கலாமே. நான் பிரேக்குல இருந்து காலை எடுத்திருந்தா நீங்க செத்திருப்பீங்க. ஏன் முன்னாடி வந்தீங்க?"

"ஓரமா நின்னு கையாட்டுனா, சந்தோஷத்துல ஆட்டுறேன்னு நினைச்சுப் போயிருப்பீங்கம்மா."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றத் தாடைக்குக் கீழே கையைக் கொண்டு போனாள். வாரைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. சேதுபதி ஓரடி முன்னால் வந்தார். தன் கையும் நடுங்குவதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

"மணி, நீ கழட்டிவிடுடா" என்றார்.