ஆணியில் தொங்கிய குடைக்கு ஒரு தனி சைட்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டு புஷ்பா அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். பகலில் நட்டு, போல்ட்டு, பேரிங் என்று நிஜமாக இருக்கும் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறார். மாலையில் இல்லாத சாமான்களைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு காபி.

இல்லாத சாமான்கள் எல்லாம் ‘ஏழாம் பிளாக்’ என்ற டிவி தொடரில் வருபவை. ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நடக்கும் கதை. ஆறு வருடம் ஓடி, போன வருடம் முடிந்தது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தொடருக்குப் போய்விட்டார்கள். அக்கா போகவில்லை. தொடரின் ரசிகர்கள் முந்நூறு பேரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் உட்காரவைத்து, தொடரில் வரும் பொருள்களுக்கும் இடங்களுக்கும் இணையத்தில் ரசிகர் சைட் நடத்த ஆரம்பித்தார்.

நான் ஒருநாள் கேட்டேன். “ஏங்க்கா, எல்லாரும் ஹீரோவுக்கு சைட் போடுவாங்க. நீங்க இன்னா லிஃப்டுக்குப் போட்டுக்கினு கீறீங்க?”

“ஹீரோவுக்கு ஆயிரம் பேர் இருக்காங்கடி எழிலு. லிஃப்டுக்கு யார் இருக்கா?”

அந்த லிஃப்ட் நியாயமான லிஃப்ட்தான். தொடரில் இரண்டு காதல், ஒரு பிரசவம், ஒரு சொத்துத் தகராறு எல்லாம் அது பாதியில் நின்றதால் நடந்தவை. அதற்குத் தனி சைட் உண்டு. முனையில் இருக்கும் மாவு மில்லுக்கு உண்டு. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் இறங்கும் பச்சைக் கூடைக்கும் உண்டு. மற்ற எல்லாமே ‘இதர’ என்ற ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. துடைப்பம், காலண்டர், பிள்ளையார் படம், இரண்டாவது மாடி நாய்.

எதற்குத் தனி சைட், எது இதர என்று முடிவு செய்ய அக்காவிடம் ஒரு விதி இருக்கிறது. அதை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்தார். அங்கே ஒவ்வொரு ரேக்கிலும் ஓர் அட்டை தொங்கும். சாமான் வந்தால் அதில் ஒரு வரி எழுத வேண்டும், வெளியே போனால் ஒரு வரி, திரும்பி வந்தால் ஒரு வரி. மூன்று வரி விழாத சாமானுக்கு அக்கா தனி அட்டை போடமாட்டார். இதரப் பெட்டிக்குப் போய்விடும். கதையிலும் அதேதான். பொருளோ இடமோ, திரையில் மூன்று தடவையாவது அதில் ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

“அழகா இருக்குன்னு அட்டை போட ஆரம்பிச்சா ஸ்டோர் முழுக்க அட்டைதான் இருக்கும். சாமான் வைக்க இடம் இருக்காது” என்பார்.

இந்த விதியில் சிக்கியவர்களில் முக்கியமானவர் வானகரம் ஃபிளாட்டில் இருக்கும் விஷால். ஐ.டி.யில் வேலை. மொட்டைமாடி வாட்டர் டேங்க்குக்குத் தனி சைட் கேட்டு மூன்று மாதமாக மனு போடுகிறார். படம், அட்டவணை, பின்னணி இசை எல்லாம் சேர்த்து அனுப்புவார். அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் போடுவார்: “டேங்க் சும்மா நிற்கிறது.”

இவ்வளவு ஒழுங்கான இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடமும் நானும் சமாதானமாகப் பிரிந்த பிறகு எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. இன்னொரு நம்பரில் ‘துலுக்கானம், ஓய்வு’ என்ற பெயரில் குழுவில் சேர்ந்தேன். தொடரிலேயே உருப்படாத ஒரு பொருளைத் தேடினேன். கிடைத்தது. வித்யா டீச்சர் என்ற கதாபாத்திரத்தின் வீட்டுக் கூடத்தில், சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு கறுப்புக் குடை. ஆறு வருடத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை, அதைப் பற்றிப் பேசினதும் இல்லை.

“மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு, அந்தக் குடையைக் கண்டால் என் நெஞ்சு விம்முகிறது. அதற்கு ஒரு தனி சைட் அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்” என்று துலுக்கானம் எழுதினார்.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. நானும் என் சொந்த நம்பரிலிருந்து ஒன்று போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. வயதான பெண் குரல்.

“வணக்கம்மா. கரையான்சாவடிலேர்ந்து கமலம் பேசறேன். பக்கத்தூட்டுப் பொண்ணு என்ன இதுல சேத்துவுட்டுச்சு. அந்தக் கொடைய ஒருத்தரு கேட்டாரே, துலுக்கானம்னு, அவரு நல்லா இருக்கணும். அது எங்கூட்டுக்காரரு கொடை. எத்திராஜ்னு பேரு. பூந்தமல்லி தாண்டி அந்த ஷூட்டிங் நடந்துச்சே, அங்க செட்டுல ஆசாரி வேல. செவுரு மொட்டையா கீதுன்னு இவரே ஆணி அட்ச்சு தன் கொடைய மாட்டிட்டாரு. அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது. பேரு போடறப்போ அவரு பேரு எதுலயும் வரல. கொடைக்கு சைட்டு போட்டா எத்திராஜ்னு ஒரு வரி போடுவியாம்மா?”

நான் போட்ட சிரிப்புப் பொம்மையை அவசரமாக அழித்தேன்.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா அந்தச் செய்தியை இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் மோகன் மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அந்தத் தொடர் அவருக்குப் பிடிக்காது. ஆறு வருடமும் பிடிக்காமலே பார்த்து முடித்தார்.

“போட்டுருங்கக்கா. ஒரு கொடைதானே” என்றேன்.

“மூணு வரி இல்லையே.”

“ரூல மாத்திக்கலாம். நீங்க போட்ட ரூல்தானே.”

“மாத்தினா வானகரம் விஷாலுக்கு என்ன பதில் சொல்றது?” அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். “அதுகூடப் பரவால்ல. பாவம் பாத்துப் போட்ட சைட்னு நாளைக்கு குரூப்ல எவனாவது சொல்லுவான். அந்த அம்மா காதுல விழும். அப்ப அது அவங்களுக்கு எதுக்கு?”

சரி, மூன்று வரிதானே என்று வீட்டுக்கு வந்தேன். செல்போனில் ஒரு செயலி இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எதிலும் ஒட்டலாம். குடையைப் பெயர்த்து பிளாக் வாட்ச்மேன் கையில் கொடுத்தேன். துலுக்கானம் அந்தப் படத்தை அக்காவுக்கு மட்டும் தனியாக அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார் அக்கா.

“இந்த வாட்ச்மேனுக்கு நிழல் இருக்கு, குடைக்கு இல்ல. பாத்தியா?”

“அட, ஆமாக்கா.”

“துலுக்கானம் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கார்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “மார்ச்ல ஸ்டோர்ல சரிபார்ப்பு வரும். ஒவ்வொரு சாமானையும் கையில எடுத்துப் பாத்துத்தான் எழுதணும். இருக்கும்னு நெனச்சு எழுதக்கூடாது. உனக்கு நேரம் இருக்குல்ல? முதல் எபிசோடுலேர்ந்து அந்தச் சுவரை மட்டும் பாரு. துணைக்கு வேணும்னா துலுக்கானத்தையும் கூப்பிட்டுக்கோ.”

ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் எபிசோடுகள். அக்கா வீட்டு டிவியில், சத்தத்தை அணைத்துவிட்டு, வேகமாக ஓடவிட்டுப் பார்த்தேன். காதலித்தார்கள், அழுதார்கள், விஷம் வைத்தார்கள். நான் ஆணியைப் பார்த்தேன். ஐம்பத்தேழாவது எபிசோடில் குடை வந்து சேர்ந்தது. அதற்கு முன் சுவர் உண்மையிலேயே மொட்டைதான். ஒரு வரி. அதற்கப்புறம் குடை தொங்கியது. தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் எனக்கே அதன் மேல் கோபம் வந்தது. விழுந்தாவது தொலையக்கூடாதா என்று இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் ஒரு கையில் பஜ்ஜி, ஒரு கையில் ரிமோட். பேப்பருக்குப் பின்னாலிருந்து மோகன் மாமா பேசினார்.

“நிறுத்து. பின்னாடி போ.”

“இன்னா மாமா?”

“குடை எங்க?”

முந்நூற்று எண்பத்தெட்டாவது எபிசோட். வித்யா டீச்சர் அழுதுகொண்டிருக்கிறார். அவர் தலைக்கு மேலே வெறும் ஆணி. அடுத்த எபிசோடைப் போட்டேன். அதே அழுகை, குடை திரும்பி வந்துவிட்டது.

“நீங்கதான் இத பாக்கவே மாட்டீங்களே மாமா.”

“நான் எங்க பாத்தேன்” என்று மாமா பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா சமையலறையிலிருந்து வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். உடனே கமலம் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“அம்மா, ஒருநாள் மட்டும் அந்தக் குடை சுவத்துல இல்ல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

“அய்ய, அதக்கூடப் பாத்துட்டீங்களா. அன்னிக்கு சரியான மழம்மா. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கொடையோட வந்து நிக்கறாரு. ஏதுய்யா கொடைன்னேன். செட்டு கொடைய எடுத்துகினு வந்துட்டேன் கமலம், நாளைக்கு நேரத்தோட போயி மாட்டலன்னா என்ன மாட்டிருவானுங்கன்னாரு. மறாநா போறதுக்குள்ள ஷூட்டிங் ஆரம்பிச்சுட்டாங்களாம். ஒருத்தனும் கண்டுபுடிக்கலன்னு அத்தச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

“இப்ப குடை எங்கம்மா இருக்கு?”

“எங்கூட்டுலதான். அவரு போனப்புறம் கூட வேல செஞ்ச பையனுங்க கொண்டாந்து குடுத்தானுங்க.”

மீதியையும் ஓட்டிப் பார்க்க இன்னும் பதினைந்து நாள் ஆனது. ஆயிரத்து நூற்று எண்பதாவது எபிசோடிலிருந்து கடைசி வரை ஆணி மட்டும்தான்.

நான் பார்த்து முடித்த அன்றைக்கே அக்கா குழுவில் எழுதினார். ஐம்பத்தேழில் வரவு. முந்நூற்று எண்பத்தெட்டில் வெளியே. முந்நூற்று எண்பத்தொன்பதில் திரும்ப வரவு. ஆயிரத்து நூற்று எண்பதில் வெளியே. மொத்தம் நான்கு வரி. குடைக்குத் தனி சைட் உண்டு.

விஷால் உடனே வந்தார். “மேடம், இது கதையே இல்லை. படமெடுத்தவர்கள் செய்த தப்பு.”

“சாமான் ரேக்கில் இல்லையென்றால் இல்லை என்றுதான் எழுதுவேன். ஏன் இல்லை என்று கேட்பது வேறு செக்‌ஷன்” என்று அக்கா பதில் போட்டார்.

பிறகு விஷால் ஒரு கட்டைவிரல் போட்டார். கூடவே, “டேங்க்கும் எங்கேயாவது காணாமல் போயிருக்கிறதா என்று முதலிலிருந்து பார்க்கிறேன்” என்று எழுதினார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் கரையான்சாவடிக்குப் போய்க் குடையைப் படம் எடுத்தோம். கைப்பிடியில் ஒரு கீறல், ஒரு கம்பி கொஞ்சம் வளைவு. கமலம் அம்மா எங்களுக்கு போண்டாவும் குடைக்குப் புதுத் துணியுறையும் தயாராக வைத்திருந்தார். உறை வேண்டாம், பார்த்தபடி இருக்கட்டும் என்று அக்கா சொன்னதும் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

“அந்தத் துலுக்கானத்தையும் கூட்டியாந்துருக்கலாமே. நல்ல மனுசன்” என்றார் என்னிடம்.

“அவருக்கு மூட்டு வலிம்மா” என்றேன். அக்கா போண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சைட் தயாரானது. மேலே குடையின் படம். கீழே நான்கு வரிகள், ஒவ்வொன்றிலும் எபிசோட் எண். அதற்குக் கீழே, ‘மாட்டியவர்: எத்திராஜ், செட் ஆசாரி, கரையான்சாவடி.’ அக்காவின் எல்லா சைட்டிலும் கடைசியில் ‘கேட்டவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் துலுக்கானம் என்று அடித்துவிட்டு, லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

“கேட்டவர்தான் சைட்டைப் பாத்துக்கணும். வாரம் ஒருதடவை. அவர்கிட்ட சொல்லிடு.”

“எப்பலேர்ந்துக்கா தெரியும்?”

“ஓய்வு பெற்ற மனுசன் மத்தியானம் பன்னெண்டு மணிக்கா எழுந்து குட்மார்னிங் போடுவார்?”

துலுக்கானம் இப்போது வாரம் தவறாமல் சைட்டைப் பார்க்கிறார். வேலை அதிகமில்லை. பார்வையாளர்கள் இருபது பேர் தேறும், அதில் கமலம் அம்மா மட்டும் தன் போனில் தினமும் வந்து பார்ப்பார். மழை பெய்தால் அவரிடமிருந்து குரல் செய்தி வரும். “இன்னிக்கு கொடைய மார்க்கெட்டுக்கு எடுத்துகினு போனேன், எழுதிக்க” என்பார். அது கதைக்கு வெளியே நடப்பது, அட்டையில் ஏற்றக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அட்டையில் ஏற்றுவதில்லை. துலுக்கானம் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.