என் இரத்தத்துக்காக நான் போட்ட சண்டை

1986ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை நான் எழும்பியபோது தலையணையில் இரத்தம் இருந்தது. என் வாயிலிருந்து வந்த இரத்தம். பல்லீறு முழுக்கக் கசிந்துகொண்டிருந்தது. கையிலும் தொடையிலும், எங்கும் இடிபடாத இடங்களில், கருநீலமாகக் கண்டிப் போயிருந்தது. மாதவிலக்கு நிற்க வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. நிற்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு மறைத்தால் இது சாட்சி ஆகாது.

அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் ஜசிந்தா. எழுவைதீவில் பிறந்து, அங்கேயே கடற்தொழில் செய்யும் அருளப்புவைக் கலியாணம் முடித்தவள். சிறு வயதில் எனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. மூட்டு வலி மாறியது. ஆனால் அந்தக் காய்ச்சல் நெஞ்சைப் பழுதாக்கிவிட்டுப் போனது மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர, வழியில் இருந்து இருந்து மூச்சு வாங்குவேன். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றாவிட்டால் இருக்கமாட்டேன் என்றார்கள்.

83 கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குப் போவதென்றால் எங்கள் ஆட்கள் எப்படிப் பயந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பயத்தோடுதான் போனோம். 85இன் தொடக்கத்தில் என் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்று வைத்தார்கள். அது அடிக்கும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். கோயிலில் அருகே முழங்காலில் இருப்பவர்கள் மணிக்கூடு என்று நினைத்து என் கையைப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மருந்துக் குளிசை தந்தார்கள். இரத்தம் அந்த வால்வில் கட்டிபடாமல் வைத்திருக்கும் குளிசை. சாகும்வரை போட வேண்டும். மாதம் ஒரு தடவை இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். குளிசை கூடினால் இரத்தம் இளகி, எங்காவது வடியத் தொடங்கினால் நிற்காது. குறைந்தால் இரத்தம் தடித்து வால்வை அடைக்கும், அல்லது தலைக்குப் போய் உடம்பின் ஒரு பக்கத்தை இழுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்கிறேனா இல்லையா என்று இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

கொழும்பில் அது இலேசாகச் சொல்லப்பட்ட சொல். "மாதம் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ." எழுவைதீவிலிருந்து போய்ப் பாருங்கள். படகில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். கடலில் பிரச்சினை என்றால் படகு இல்லை. வீதியில் பிரச்சினை என்றால் பஸ் இல்லை. என் இரத்தத்துக்கு ஊரடங்கு தெரியுமா?

85இன் கடைசியில் கடலுக்குப் போகவே கடற்படை தடை போட்டது. வலைகள் வீட்டுக்குள் கிடந்து காய்ந்தன. மீன் இல்லை. எங்கள் வீட்டு வளவில் ஒரு முருங்கை நின்றது. முருங்கையிலை வறை, முருங்கையிலைச் சொதி, முருங்கையிலை போட்ட ஒடியற்பிட்டு. காலையும் மாலையும் அதுதான். மகள் சோற்றைக் கண்டதும் அழுவாள். நான் அதட்டி வாயில் தீத்துவேன்.

அந்த நாட்களில் எப்படியோ ஒரு படகு கிடைத்து யாழ்ப்பாணம் போனேன். சோதித்ததில் இரத்தம் தடித்துவிட்டது என்று மறுமொழி வந்தது. டொக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"குளிசை ஒழுங்காப் போடுறீரோ?"

"ஓம் டொக்டர். ஒரு நாளும் விடேல்லை."

"பொய் சொல்லாதையும். ஒழுங்காப் போட்டால் இரத்தம் இப்பிடி இராது."

எனக்கு முகம் சுட்டது. கடலைத் தாண்டி வந்தவள் பொய் சொல்லவா வருவாள்? அவர் குளிசையைக் கூட்டி எழுதினார். பிந்தாமல் கெதியில் திரும்பவும் வந்து காட்டச் சொன்னார்.

கெதியில் எப்படி வருவது? நான் ஊர் திரும்பியதும் ஊர்காவற்றுறைக்குப் படகு நின்றுவிட்டது. கரையோரமாகத் தொழில் செய்ய மட்டும் கொஞ்சம் விட்டார்கள். மீன் வந்தது. முருங்கையில் மசுக்குட்டிப் புழு பிடித்து, அருளப்பு அதை மொட்டையாகத் தறித்துவிட்டார். நாங்கள் சந்தோசமாக மீனும் சோறும் சாப்பிட்டோம். நான் கூட்டின குளிசையை ஒரு நாளும் தவறாமல் போட்டேன்.

அதன் பிறகுதான் தலையணையில் இரத்தம்.

என் கணவரின் மூத்த சகோதரி திரேசம்மா மச்சாள் எங்கள் வீட்டோடு இருந்தா. சிலாபத்தில் வாழ்க்கைப்பட்டு, 83இல் வீடு வாசலை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவ. எழுவைதீவில் செபமாலை சொல்லிக் கொடுப்பது அவதான். நாங்கள் எல்லாரும் அவவுக்குப் பயம். அன்று காலை தலையணையைப் பார்த்தா, என் குளிசைப் போத்தலைக் கையில் எடுத்தா.

"இதுதான் உன்னைக் கொல்லுது. கொண்டுபோய்க் கடலிலை எறி. சுகம் குடுக்கிறது ஆண்டவர், குளிசை இல்லை. உனக்கு விசுவாசம் காணாது."

"குளிசையை நிப்பாட்டினால் வால்விலை கட்டிபட்டுச் சாவன், மச்சாள்."

"போட்டால்?"

"போட்டால் வடிஞ்சு சாவன்."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"தெரியாது. எவ்வளவு போடுறது, எப்ப நிப்பாட்டுறது, ஒண்டும் தெரியாது. அதைத் தாங்கோ இஞ்சை."

போத்தலைப் பறித்தேன். மூத்தவவின் கையிலிருந்து பறித்தேன். அருளப்பு வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் பயந்து அழுதாள். அவளைத் தூக்கக்கூட எனக்குப் பலம் இல்லை.

அந்தக் கோபத்தோடுதான் கோயிலுக்கு நடந்தேன். நல்ல வெயில். மெழுகுதிரி கொண்டுபோகவில்லை. பூவும் இல்லை. முழங்காலில் இருக்கவும் இல்லை. பீடத்துக்கு முன்னால் மர வாங்கில் இருந்துகொண்டு, வாய்விட்டே கேட்டேன்.

"ஆண்டவரே, நான் உமக்கு நன்றி சொல்ல வரேல்லை. கொழும்பிலை என்னைச் சாகவிட்டிருக்கலாம். அங்கை பிழைக்க வைச்சுப்போட்டு இஞ்சை கொண்டுவந்து சாகக் குடுக்கிறீரோ? இது என்ன அரைகுறை வேலை? ஒவ்வொரு நாளும் பயத்தோடை ஒரு குளிசையை விழுங்குறன். கூடிப்போச்சோ, குறைஞ்சு போச்சோ எண்டு நீர் ஒருக்காலும் சொல்லேல்லை. கடல் உம்முடையது எண்டு படிச்சனான். அப்ப திறவும். என்ரை பிள்ளைக்கு நான் வேணும். எனக்கு ஆறுதல் வேண்டாம். என்ன செய்யிறது எண்டு சொல்லும். சொல்லாமல் நான் இஞ்சையிருந்து எழும்பமாட்டன்."

வேறு செபம் சொல்லவில்லை. பரலோக மந்திரம்கூடச் சொல்லவில்லை. கத்திக் கத்தி வாயில் திரும்பவும் இரத்தம் ஊறியது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

பின்னால் கதவடியில் சத்தம் கேட்டது. திரேசம்மா மச்சாள். என் பின்னால் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. நல்ல பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"ஆண்டவரோடை இப்பிடிக் கதைக்கலாமோடி?" என்றா. "83க்குப் பிறகு எனக்கும் இதுதான் கேக்க இருந்தது. நான் கேக்கேல்லை. பயந்து போனன்."

பிறகு என் கையைப் பிடித்து எழுப்பினா.

"எழும்பு. வள்ளம் இருக்கு. போவம்."

"விடமாட்டாங்கள் மச்சாள்."

"விடாட்டி நான் கதைக்கிறன்."

அருளப்பு வள்ளத்தைத் தள்ளினார். ஒரு தடியில் வெள்ளைத் துணி கட்டினோம். என்னை நடுவில் படுக்க வைத்து, மச்சாள் முன்னால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றா. பாதிக் கடலில் கடற்படைப் படகு ஒன்று எங்களை மறித்தது. அதில் நின்றவனின் துவக்குக் குழல் எங்களைப் பார்த்தபடி இருந்தது. அருளப்பு இரண்டு கையையும் தூக்கினார். மச்சாள் தூக்கவில்லை. சிலாபத்தில் படித்த சிங்களத்தில் தொடங்கினா. முதலில் மெதுவாக. பிறகு சத்தமாக. பிறகு என் சேலையில் இருந்த இரத்தத்தைக் காட்டி, ஒரு தாய் பிள்ளையைப் பேசுவதுபோல அந்தத் துவக்குக்காரனைப் பேசினா. என்ன சொன்னா என்று இன்றுவரைக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான். துவக்கைப் பதித்தான். போகச்சொல்லிக் கையைக் காட்டினான்.

ஊர்காவற்றுறையில் ஒரு வான்காரர் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் அதே டொக்டர். பரிசோதனை செய்து பார்த்தால் இரத்தம் தண்ணீராகக் கிடக்கிறது. ஊசி போட்டார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள். வடிவது குறைந்தபின் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார்.

"இதென்ன பிள்ளை, சொன்னதுக்கு மேலாலை குளிசை போட்டீரோ?"

அவ்வளவுதான். என்னிடம் இருந்த எல்லாக் கோபமும் அவர்மேல் போனது.

"நீங்கள் கூட்டினதைத்தான் போட்டனான்! போன முறை போடேல்லை எண்டு சொன்னியள். இந்த முறை கூடப் போட்டனெண்டு சொல்லுறியள். என்னைக் கள்ளி எண்டு பேசுறதுக்கு முதல் ஒருக்காவெண்டாலும் என்ன நடந்தது எண்டு கேட்டனீங்களோ? மாதம் ஒருக்கா வா, கெதியிலை வா! நான் கடலிலை நடந்து வாறதோ?"

தாதி ஒருவர் என் தோளைப் பிடித்தார். டொக்டரின் முகம் சிவந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று பார்த்தேன். அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார்.

"சரி. இப்ப கேக்கிறன். போனமுறை வரேக்கை என்ன சாப்பாடு?"

"முருங்கையிலை."

"எவ்வளவு?"

"வேறை ஒண்டும் இல்லை டொக்டர். ஒவ்வொரு நாளும் அதுதான்."

"இப்ப?"

"மரத்தைத் தறிச்சாச்சு. மீன்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் கேட்டிருக்கவேணும்" என்றார்.

பிறகு விளங்கப்படுத்தினார். இலை வகையில் உள்ள ஒரு சத்து இந்தக் குளிசைக்கு எதிராக வேலை செய்யுமாம். இலை கூடினால் இரத்தம் தடிக்கும், இலை நின்றால் இளகும். நான் இலை தின்ற நாளில் அவர் குளிசையைக் கூட்டினார். இலை நின்றபின்னும் நான் அதையே விழுங்கினேன். இலையை விடத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்றார்.

"படகு இல்லாட்டி நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன். கோயிலில் கேட்ட அதே கேள்வி. இந்த முறை மறுமொழி வந்தது.

மயிர் போல மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் கொஞ்சம் எடுத்து வந்தார். அருளப்புவைக் கூப்பிட்டார். என் விரலில் ஊசியால் குத்தினார். குழாயை வைத்ததும் இரத்தம் தானாக ஏறியது. மணிக்கூட்டைப் பார்த்தபடி, இடைக்கிடை குழாயில் ஒரு சிறு துண்டை உடைத்து உடைத்துப் பார்த்தார். உறைந்தால் இரண்டு துண்டுக்கும் நடுவில் இரத்தம் நூல்போல இழுபடும்.

"இவ்வளவு நேரத்துக்குள்ளை நூல் வரவேணும்" என்று மணிக்கூட்டில் தொட்டுக் காட்டினார். "வராட்டி அடுத்த குளிசையைப் போடாமல், என்ன பாடு பட்டெண்டாலும் வந்து சேருங்கோ. ஆனால் கவனம், இது முழுப் பரிசோதனை இல்லை. பெரிய ஆபத்தைத்தான் காட்டும். இரத்தம் தடிச்சிருந்தால் இதிலை தெரியாது. நூல் வந்தாலும் படகு ஓடுற நேரம் இஞ்சை வரத்தான் வேணும்."

அருளப்புவின் கை கிழிந்த வலை பொத்தும் கை. ஊசியும் மெல்லிய குழாயும் அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை அவரே செய்தார். நூல் வரும்வரை மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எங்கள் குசினியில் இதுதான் வேலை. ஊசியை அவிக்கிறது, விரலில் குத்துகிறது, குழாயை உடைக்கிறது. 87இல் சண்டை பெருத்து, ஆஸ்பத்திரியை நினைக்கவே ஏலாத கிழமைகள் வந்தன. அப்போதும் குத்தினோம். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து வேறு மருந்து எடுத்தபின், உடம்பில் ஒரு பொட்டு இரத்தமும் வடியாமல் நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் நூல் வரவில்லை. அருளப்பு கடைசித் துண்டுவரை உடைத்துப் பார்த்தார். வரவில்லை. குளிசையை நிறுத்திவிட்டுக் கடலைக் கடந்தோம். "வடியத் தொடங்க முதல் வந்திட்டீர்" என்றார் டொக்டர். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், நான்கு பேருக்கு நடுவில் இருந்துகொண்டு, ஆண்டவருக்கு முதன்முதலாக நன்றி சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன்.

இது தற்செயல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். நான் கடலைத் திறக்கச் சொன்னேன், திறந்தது. என்ன செய்வதென்று சொல்லச் சொன்னேன், ஒரு மனிதனைக் கதிரையில் இருத்திச் சொல்ல வைத்தார். நான் கோபத்தில் கேட்டதற்காக அவர் என்னைத் தள்ளவில்லை. மற்றவர்கள் செபத்தில் கேட்கும் அழகான சொற்கள் எனக்கு இன்றும் வராது. சண்டைக்காரர்கள்மேல், படகை நிறுத்துகிறவர்கள்மேல், தீவு ஆட்களின் உயிரைக் கணக்கில் எடுக்காதவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அதையும் அவரிடமே கொண்டுபோகிறேன். அயலில் உள்ளவர்கள்மேல் போட்டு உடைப்பதில்லை. அதுதான் என்னில் வந்த மாற்றம்.

இது 89ஆம் ஆண்டு. மகள் போன மாதம் கோயிலில் நற்கருணை, முதல் நன்மை, வாங்கினாள். அவளுடைய வெள்ளைச் சட்டையை நானே தைத்தேன். ஊசி விரலில் குத்தியது. சின்னக் காயம். கொஞ்சம் நேரம் அமத்திப் பிடித்தேன், நின்றது.

சகோதரர்களே, சகோதரிகளே, வருத்தத்தோடு இருக்கிறவர்களே, உங்களிடம் "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு" என்று யாரும் வந்து சொன்னால் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். திரேசம்மா மச்சாள் பார்த்துக்கொள்ளுவா. செபமாலையை எடுக்க முதல் எங்களைப் பார்த்து அவ கேட்கிறது, "எல்லாரும் குளிசை போட்டாச்சோ?" என்றுதான். நீங்களும் ஆண்டவரிடம் போங்கள். கோபம் என்றால் கோபத்தோடு போங்கள். கேளுங்கள். அவர் மறுமொழி சொல்லும்வரை எழும்பாதீர்கள்.