சோனா கத்தாத நாள்

செங்கல் ஊர்ப் பக்கம் கல்யாணமோ பள்ளி விழாவோ, மைக்செட் சோனாவுடையதுதான். ஸ்பீக்கர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்குவாள். பேச்சு மட்டும் குறைவு. கணவன் வினீத் விட்டுப்போன தொழில் அது. அவன் செத்த விதத்தை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நான் சஜு, பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், வினீத்துக்கு நெஞ்சுவலி என்று சோனா என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது, அடிமுறைச் சண்டை சொல்லிக்கொடுக்கும் ஈசாக் ஆசான் அவனை முற்றத்தில் கிடத்தி, தொடாமலே நெஞ்சுக்கு மேல் கையை ஓட்டிக்கொண்டிருந்தார். தன் உடம்பிலுள்ள சக்தியை அவனுக்குள் இறக்குகிறாராம்.

"வண்டிய ஆஃப் பண்ணு மக்கா. சத்தம் கேட்டா சக்தி கலைஞ்சு போவும்" என்றார்.

அணைத்தேன். அரை மணி நேரம் கைகட்டி நின்றேன், மடையன். கடைசியில் சோனா கத்திக் கூப்பாடு போட்டுத்தான் அவனை வண்டியில் ஏற்றினோம். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி எட்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து சபை வாசலில் வைத்தே ஆசான் தீர்ப்புச் சொன்னார்.

"எழும்பி வரவேண்டியவனாக்கும். இவ கத்தினதுல போயிட்டான்."

ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மாமியார் சத்தியபாய் ஒரு வருடம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன.

வருடந்தோறும் வாசகசாலை ஆண்டுவிழாவில் ஆசானின் வித்தை உண்டு. மூன்று சீடர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, அவருக்கு முதுகு காட்டி, பத்தடி தள்ளி நிற்பார்கள். ஆசான் உள்ளங்கையை நீட்டுவார். அவர்கள் பொத்தென்று விழுவார்கள். கூட்டம் கைதட்டும். வினீத் இருந்த வரைக்கும் மைக்கை வைத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்து அவனும் தட்டுவான்.

ஹெட்போன் வாங்கியது சோனா. அவள் மைக்செட் நடத்திய முதல் வருடமே அதில் ஒரு சத்தம் கேட்டது. ஒவ்வொருவனும் விழுவதற்குச் சற்று முன்னால், பலகையில் தட்டுவது போல டக்கென்று. வயர் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டினாள். அடுத்த வருடம் ஆசானின் குதிகாலைக் கவனித்து எண்ணிப் பார்த்தாள். ஒரு தட்டுக்கு இடப்பக்கத்தான், இரண்டுக்கு வலப்பக்கத்தான், மூன்றுக்கு மொத்தப் பேரும்.

என்னிடம் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போதே ஊரைக் கூட்டிச் சொல்லுவோம் என்று குதித்தேன்.

"நான் சொன்னா, பெண்ணு பின்னையும் கத்துகான்னு சொல்லுவினும், சஜு அண்ணா. சமயம் வரட்டு."

இந்த வருடம் வந்தது. நெஞ்சுவலிக்காரர்களுக்குத் தொடாமல் சிகிச்சை, அடுத்த மாதம் திறப்பு என்று ஆசான் விழாவிலேயே நோட்டீஸ் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். அன்று காலை சோனா என் ஆட்டோவில் ஒரு சுருள் ஸ்பாஞ்சு ஏற்றினாள். இரண்டு இஞ்சு கனம். அதை மேடை முழுக்க விரித்து, மேலே சிவப்புக் கம்பளம் போட்டாள். பிள்ளைகள் விழும்போது அடிபடக்கூடாது என்று ஆசானிடம் சொன்னாள். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் வேறு செய்தார். அவள் குனிந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

மாலை நாலு மணி. சட்டையில் மைக் குத்திக்கொண்டு ஆசான் கையை நீட்டினார். யாரும் விழவில்லை. குதிகாலால் ஓங்கி மிதித்தார். ஸ்பாஞ்சு விழுங்கியது. மறுபடி மிதித்தார். மூன்று பேரும் கட்டிய கண்ணோடு கல்லாட்டம் நின்றார்கள். முன்னால் இருந்த சத்தியபாய் எழுந்து நின்று பார்த்தாள். நடுவில் நின்ற சீடன் அஜேஷ் பொறுக்கமாட்டாமல் மெதுவாகக் கேட்டான்.

"ஆசானே, தொடங்கியாச்சா?"

சோனா ஒலியைக் கூட்டியிருந்தாள். அது கடைசி வரிசைவரை கேட்டது. சிரிப்பு கிளம்பியது. எனக்கு நாலு வருடப் பாரம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. அவள் சிரிக்கவில்லை. தன் மைக்கை எடுத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இண்ணைக்கு நான் கத்தல்லியே, ஆசானே."

சிரிப்பு அப்படியே நின்றது. ஆசான் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய மைக்கை அவள் அணைத்துவிட்டிருந்தாள்.