முப்பதாவது படம்

எனக்கு முன்கோபம் உண்டு, அவசரமும் உண்டு. அந்த விருது விஷயத்தில் கெடுத்தது அவசரம்தான். கோபம் பிறகு வந்தது, அதுவும் வரவேண்டிய ஆள்மேல் வரவில்லை.

கேரள எல்லையில் இருக்கும் பனச்சமூட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில் நான் நைட்டி வெட்டுகிறேன். வெட்டுவது மட்டும்தான் இங்கே. தைக்கும் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தே தைப்பார்கள். குளத்தூர் முதல் ஒற்றசேகரமங்கலம் வரை பெட்டி ஆட்டோவில் துணிக்கட்டு போகும், தைத்த நைட்டி திரும்பி வரும். மிசின் இல்லாதவர்களுக்கு நானே ஒன்று கொடுப்பேன், ஆதார் நகல் மட்டும் வாங்கி வைத்துக்கொள்வேன். சர்ச்சில் பார்க்கிறவர்கள் "முதலாளி வந்தாச்சு" என்று கிண்டல் பண்ணுவார்கள். வெளியே முறைப்பேன், உள்ளுக்குள் இனிக்கும்.

இந்தப் பெண்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கக் கூடாது. ஜங்ஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு பழைய பெரிய வீட்டின் மருமகள் அவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் கல்ஃபில். மாமனார் வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா மகாராஜா காலத்து அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. அந்த வீட்டுப் பெண்கள் கூலிக்குத் தைப்பதா? நினைத்துப் பார்க்கவே முடியாது. நான் கொடுத்த மிசினை, தன் ரவிக்கையைத் தைக்க சினேகிதியிடம் இரவல் வாங்கியது என்று வீட்டில் சொல்லியிருந்தாள். காலையில் பால் சொசைட்டிக்குப் போகும்போது துணிக்கட்டை ஒரு பிக் ஷாப்பர் பையில் போட்டு வாங்கிப் போவாள்.

"ஒரு சோப்பு வாங்கணும்னாலும் மாமாட்ட கை நீட்டணும் மக்கா," என்றாள் முதல் நாளே. "எனக்குத் தையல் நல்லா வரும். ஆனா வெளிய தெரிஞ்சா அண்ணைக்கே நிண்ணு போவும். எங்கயும் என் பேர எழுதிராத, கேட்டியா."

எழுத மாட்டேன் என்று கையில் அடித்துச் சொன்னேன். இரண்டு வருஷம் எழுதவும் இல்லை. அவளைப் போல் கழுத்துப் பட்டி அடிக்க இன்றுவரை எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்த விண்ணப்பம் வந்தது. இந்த வட்டாரத்தில் வேலை உண்டாக்கும் இளம் தொழில்முனைவோருக்கு ஒரு வியாபாரிகள் சங்கம் விருது கொடுக்கிறது என்றார்கள். குறைந்தது முப்பது பேருக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் படம், விலாசம், கையெழுத்து வேண்டும். அக்காவை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்பது. திரும்ப எண்ணினேன், எத்தனை தடவை எண்ணினாலும் இருபத்தொன்பதுதானே வரும். பெண் பிள்ளைக்கு எதற்குக் கம்பெனி என்று பேசிய சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கண்முன் வந்தார்கள். அந்த விருது எனக்கு வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு ஆபீஸ் அலமாரியில் கிடக்கப்போகும் காகிதம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவின் ஆதார் நகலில் இருந்த படத்தை வெட்டி ஒட்டினேன். அவள் போன் நம்பருக்குப் பதில் என் இன்னொரு நம்பரை எழுதினேன். கையெழுத்தையும் நானே போட்டேன்.

விருது எனக்குத்தான் என்று போன் வந்தபோது தலைகால் புரியவில்லை. அன்று மாலையே ஜங்ஷனில் இருக்கும் ஆர்ட்ஸ் கிளப்பின் செக்ரட்டரி வாட்ஸ்ஆப்பில் கேட்டான்: "சேச்சி, ஒரு போட்டோ அயச்சு தரணும். ஃப்ளெக்ஸ் வைக்கணும்." எங்கள் பக்கத்தில் பத்தாம் வகுப்பில் எல்லாவற்றிலும் ஏ பிளஸ் வாங்கினாலே ஃப்ளெக்ஸ் உண்டு. வெட்டு மேசையில் வேலையாக இருந்தேன். தனியாகப் படம் தேடப் பொறுமை இல்லை. போனில் ஸ்கேன் செய்து வைத்திருந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் என் படம் இருந்தது, முழு ஃபைலையும் அப்படியே தட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் ஜங்ஷனுக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஃப்ளெக்ஸ் நின்றது. நடுவில் நான், ஆளுயரத்துக்கு. என்னைச் சுற்றி முப்பது பெண்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் பெயரும் வீட்டுப் பெயரும். கடைசி வரிசையில் கடைசிப் படம் அக்கா. அக்காவின் மாமனார் தினமும் ஆறரைக்கு நடந்து வந்து எதிர்க் கடையில் பேப்பர் வாங்குகிறவர்.

பையில் நூல் வெட்டும் கத்தரி எப்போதும் கிடக்கும். பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஏறி நின்று, அந்த ஒரு படத்தைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தேன். ஃப்ளெக்ஸ் துணி போல் அல்ல, கத்தரி வழுக்கியது. பாதி வெட்டுவதற்குள் சாயாக் கடையிலிருந்து கிளப் செக்ரட்டரி ஓடி வந்தான்.

"சேச்சி, எந்தா இது? விடிய விடிய நிண்ணு கெட்டினதாக்கும்."

"எலே, உன்ட்ட நான் ஒரு படம்தானே தந்தேன்? எல்லாத்தையும் யாருலே போடச் சொன்னா?"

"ஃபைலுல எல்லாரும் உண்டும்லா. வேல செய்தவியளயும் கௌரவிக்கணும்னு நாங்க பிளான் பண்ணினோம்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. அறிவிருக்கா என்று கேட்டேன். வாய்க்கு வந்தபடி இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போய் நின்றான். படத்தை வெட்டி எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து இறங்கும்போது, மாமனார் பேப்பர் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், தெரியாது.

ரோட்டைத் தாண்டி வந்தார். ஃப்ளெக்ஸில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை.

"நல்ல காரியம் மக்கா. அவார்டு கிட்டினது சந்தோசம். எங்க வீட்டு முக்கிலயும் சின்ன போர்டு ஒண்ணு வச்சிருக்காவ. கண்டுட்டுத்தான் வாறேன்."

நான் செக்ரட்டரியைத் திரும்பிப் பார்த்தேன். "எல்லாருக்க வீட்டு முக்கிலயும் ஒண்ணு வச்சாச்சு சேச்சி," என்றான், இன்னமும் கொஞ்சம் பெருமையோடு.

"மாமா, தப்பு என்னுதாக்கும். அக்கா ஒண்ணும்..."

"தப்புன்னு நான் சொன்னேனா? எங்க குடும்பத்துல இது பழக்கமில்ல, அவ்வளவுதான். மிசினு ஒனக்குள்ளதுதானே. வண்டி கொண்டு வந்து எடுத்துட்டுப் போ."

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். மரியாதையாகப் பேசுகிற மனுஷரிடம் எனக்குச் சண்டை போடத் தெரியாது. பெட்டி ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டு முக்கில் அந்தச் சின்ன போர்டு இருந்தது, அதில் என் படத்தைவிட அக்காவின் படம்தான் பெரிது.

பின்பக்க அறையில் அக்கா மிசினிலிருந்து நூலை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தாள். துணிகளை மடித்துக் கட்டியிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து மிசினைத் தூக்கினோம். மாமனார் முன்வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏற்றிக் கயிறு கட்டினோம்.

"இதுல மூணு பாக்கி உண்டு. கழுத்து மட்டும் அடிச்சா போதும்," என்று துணிக்கட்டை என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நான் உங்கட்டச் சொல்லாம..."

"ஜங்ஷன்ல என் படத்த வெட்டிட்டியாமே."

"ஆமா."

"அவார்டு லிஸ்டுலயும் வெட்டுவியா?"

"இண்ணைக்கே போன் பண்ணிச் சொல்லுகேன் அக்கா. உங்க பேரு அங்க இருக்காது."

அவள் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம். இனி மறைச்சு என்னத்துக்கு? ரெண்டு வருசம் தச்சிருக்கேன். அங்கயாவது கெடக்கட்டு."

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விருது கொடுத்தார்கள். முப்பது பெண்களுக்கு வேலை கொடுத்தவர் என்று மைக்கில் வாசித்தார்கள். இப்போது இருபத்தொன்பதுதான் என்று நான் திருத்தவில்லை. அக்கா வேண்டாம் என்றாள், அதனால்தான் திருத்தவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் மேடை ஏறித்தான் இருப்பேன்.