நாலு ஜிபிக்கு மேல் ஒரு கல்யாணம்

யாராவது ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு "ஏற மாட்டேங்குது" என்று முகத்தைச் சுளித்தால் போதும், என் கை தானாக நீண்டுவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் இல்லை. பெங்களூரில் ஓர் ஆபீஸில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிறேன். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். ஆனாலும் தெரிந்த நாலு விஷயத்தைக் காட்டிக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று என் மனைவி சொல்வாள். நான் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் ரயில் பெட்டியில் சீசன் பாஸ்காரர்களுக்கு ஆளுக்கொரு இடம் உண்டு, யாரும் மாறி உட்கார மாட்டோம். என் எதிர் இடம் ஓர் அக்காவுடையது. ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவருடைய வீட்டுக்காரர் இங்கே பாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். மகள் கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். உயிரோடிருந்தபோது அவருக்கு போட்டோ என்றாலே ஆகாது, செல்போனைத் தூக்கினால் எழுந்து போய்விடுவாராம். அதனால் அவர் நடமாடுவதும் பேசுவதும் அந்தக் கல்யாண வீடியோ ஒன்றில்தான் இருந்தது.

ஸ்டூடியோக்காரர் முழுக் கல்யாணத்தையும் ஒரே ஃபைலாக, ஒன்பது ஜிபி, ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். ஸ்டூடியோவில் வைத்தே அக்கா ஒரு முறை பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து டிவியில் செருகினால் டிவி ஒன்றுமே இல்லை என்றது. மறுநாள் அதைக் கைக்குட்டையில் சுற்றி ரயிலுக்குக் கொண்டுவந்தார். கேட்க வேண்டுமா? நான் வாங்கிக்கொண்டேன்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அது சரி, அந்த டிவிக்கு ஆகவில்லை. என்னிடம் இருந்த அறுபத்துநாலு ஜிபி பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். அது ஃபேட்32 என்ற பழைய அமைப்பு. ஃபைல் பெரிது என்று திருப்பி அனுப்பியது. காலியாகத்தானே இருக்கிறது, ஏன் ஏறாது என்று அக்கா கேட்டார். வீடு பெரிசு, வாசப்படி சின்னது, பீரோ நுழையாது. நாலு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக அதில் போகாது என்றேன். அப்படியானால் மூன்றாக வெட்டிக் கொடுத்துவிடேன் என்றார் அவர்.

நல்ல யோசனைதான். எனக்குத்தான் அது மட்டமாகப் பட்டது. கல்யாணத்தை யாராவது துண்டு போடுவார்களா என்று சொல்லி, எக்ஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கிறது, பெரிய ஃபைலும் ஏறும், டிவியும் படிக்கும் என்று விளக்கினேன். டிவியோடு வந்த புத்தகத்தின் பக்கத்தை அவர் படம் எடுத்து வந்தார்; அதிலும் அப்படியே போட்டிருந்தது. என் தலை கொஞ்சம் கனத்தது.

அன்று மாலை திரும்பும் வண்டியில் ஃபைலை என் பழைய லேப்டாப்புக்கு மாற்றினேன். டிஸ்கை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தேன். பிறகு ஃபைலைத் திருப்பி அனுப்பினேன். லேப்டாப்பில் ஆபீஸ் வேலைக்கு இடம் போதவில்லை என்று, காப்பி போடாமல், அங்கே ஒன்றும் மிஞ்சாதபடி கட் போட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கிளம்பிவிடும் என்று ஓடிய ஜனங்களின் ரத்தமோ என்னவோ, ஸ்டேஷன் வருவதற்கு முன்பே எழுந்து வாசலில் நின்றால்தான் நிம்மதி. நான் இறங்கும் கோரமண்டல் ஸ்டேஷன் நெருங்கியதும் பெட்டியில் பாதி எழுந்துவிட்டது. நானும் எழுந்தேன். திரையில் முடிந்தது என்று காட்டியது. டிஸ்கின் விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. முறைப்படி வெளியேற்றக் கால் நிமிஷம் ஆகியிருக்காது. ஒயரைப் பிடுங்கி டிஸ்கை அக்கா கையில் கொடுத்துவிட்டு, "போட்டுப் பாருங்கக்கா, சும்மா அப்படி ஓடும்" என்று சொல்லி இறங்கினேன். வண்டி நின்று, நான் பிளாட்பாரத்தில் நடந்து, வெளியே வந்தபிறகும் நின்றுகொண்டுதான் இருந்தது.

டிவி இந்த முறை டிஸ்க் பழுது என்றது. மறுநாள் அக்கா வந்து சொன்னார். லேப்டாப்பில் கட் செய்ததைத் தேடினேன். அதன் மேல் ஆபீஸ் வரைபடங்களை நானே இறக்கியிருந்தேன். ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அடுத்த முகூர்த்தங்களுக்காகப் பழையதை அழித்துவிட்டோம், சொல்லித்தானே கொடுத்தோம் என்றார்கள். சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அக்கா டிஸ்கை மறுபடி என் கையிலேயே கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த டிஸ்கோடு உட்கார்ந்தேன். மீட்கும் மென்பொருள் ஒன்று மெல்ல மெல்லத் தோண்டியது. ஃபைல் வந்தது, ஓடவும் ஓடியது. முதல் முறையாக அந்தக் கல்யாணத்தைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியில் அக்காவின் வீட்டுக்காரர் வருகிறார், கும்பிடுகிறார், மாப்பிள்ளைக்கு மாலையை எடுத்துக் கொடுக்கிறார். எங்கும் மேளச் சத்தம். அவர் வாய் திறக்கவே இல்லை. மேடையில் சொந்தக்காரர்கள் வரிசை கட்டி நிற்கும்போது படம் நின்றுவிட்டது. கடைசி ஏழு நிமிஷம் டிஸ்கில் போய்ச் சேரவே இல்லை. மென்பொருளை இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான் வந்தது.

திங்கட்கிழமை காலை வண்டியில், மிச்சமிருந்ததை அவர் சொன்ன மாதிரியே மூன்றாக வெட்டி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கடைசி ஏழு நிமிஷம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"கடைசில வர்ற பந்தி போச்சா?" என்றார்.

"போச்சுக்கா. என்னாலதான்."

அவர் பென் டிரைவைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். வண்டி பங்காருப்பேட்டை தாண்டியது. பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"பந்தியில கேமராக்காரரப் பாத்து, இன்னாப்பா, காலைலேர்ந்து நின்னுக்கினே கீறே, மொதல்ல உக்காந்து சாப்டுன்னாரு. முழு வீடியோலயும் அவ்ளோதான் அவரு பேசனது."

நான் தலையாட்டினேன்.

"ஒரு மணி நேரம் உங்கிட்டதானே இருந்துச்சு தம்பி. சும்மா ஒரு வாட்டி ஓட்டிப் பாத்திருக்கலாமே. நீயும் கேட்டிருப்ப."