முன் செட்டையா, பின் செட்டையா?

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது அவரோடு நிற்காது. பிள்ளைக்குப் போகும், பேரனுக்கும் போகும். மாட்டு வண்டியிலிருந்து ஒரே ஒரு தடவை விழுந்த மனிதரின் பேரனை, வண்டியில் ஏறியே அறியாதவனை, ‘வண்டியால விழுந்தவர்ட பேரன்’ என்றுதான் கடைத்தெருவில் சொல்வார்கள். ஐம்பதுகளின் நடுவில், என் மனைவி எங்கள் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது, அப்படியொரு பெயர் எங்கள் வாசல்வரை வந்து நின்றது.

எல்லாம் நான் செய்த பொம்மை நீர்மூழ்கியால் வந்த வினை.

கல்முனையில் எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை. கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி, சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் மாமனாரின் தறிக்கொட்டில். ஒருநாள் சாமான் சுற்றிவந்த ஆங்கிலத் தாளில் நீர்மூழ்கியின் படம் ஒன்றைக் கண்டேன். எழுத்தில் பாதி விளங்கவில்லை. படம் முழுதாக விளங்கியது. தறியில் நூலைக் கொண்டு அங்குமிங்கும் ஓடும் நாடாக் கட்டை இருக்கிறதே, இரண்டு முனையும் கூராக, அதே வடிவம்! மாமனார் கழித்துப்போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டி. வாலில் பிஸ்கட் தகரத்தில் செய்த விசிறி. வலையில் கட்டும் ஈயக்குண்டு இரண்டைச் சேர்த்ததும் முதுகு மட்டும் தெரிய மிதந்தது. ரப்பரை முறுக்கி விட்டால் ஓடும். ஓடும்போது மீன் துடுப்பைப்போல் இரண்டு பக்கமும் நீட்டிய தகரச் செட்டைகள் அதை நீருக்குள் அமுக்கவேண்டும். முறுக்குத் தீர்ந்ததும் கட்டை தானாக மேலே வரும். அவ்வளவுதான் சங்கதி.

இது முடியுமுன்பே என் மனைவி தன் அக்காவிடம், ராத்தா என்போம், சொல்லிவிட்டாள்: “இவர்ட கப்பல் முங்கிப் போய்த் திரும்பி வரும், பாருங்க.”

ராத்தாவின் கணவரை நான் அண்ணன் முறையில் காக்கா என்பேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். நிஜ நீர்மூழ்கியைக் கண்டவர். அதை யாரையும் மறக்க விடமாட்டார். அடுத்த நாளே குடும்பத்தோடு வந்து நின்றார்.

“தம்பி, கல்லுப் போட்டாலும் முங்கும். வெளிய வரணுமே! வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சி வாறம். வரல்லையெண்டா உங்கட ஊட்டுக்கு ‘முங்கினார் ஊடு’ எண்டுதான் பேரு.”

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. எல்லாரும் போனபிறகு வயிற்றில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க என்னத்தையும் செய்ங்க. என்ட புள்ள ‘முங்கினார்ட புள்ள’யா பள்ளிக்கூடம் போகப்படா.”

நூலுக்குச் சாயம் போடும் சீமெந்துத் தொட்டியில் சோதனை தொடங்கியது. முதலில் சுக்கான். கடற்கரையில் நான் பார்த்ததெல்லாம் தோணியின் சுக்கான்தான். அதைப்போலவே பெரிதாக, கீழே நீட்டித் தொங்கவிட்டேன். கப்பல் திரும்பும்போதெல்லாம் பக்கவாட்டில் சரிந்தது. தறியில் இருந்தபடி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன மச்சான், கப்பல் ஒருக்களிச்சிப் படுக்குது? களைச்சிப் போச்சோ?”

தண்ணீருக்கு மேல் ஓடும் தோணிக்கு அந்தச் சுக்கான் சரி. உள்ளே ஓடுவதற்கு, கட்டையின் நடுக்கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி இருக்கவேண்டும். வெட்டிச் சரிசெய்தேன். சரிவு நின்றது.

அடுத்தது செட்டை. வால் பக்கம் வைத்து, முன் விளிம்பைக் கீழே சாய்த்தேன். கீழே சாய்த்தால் கீழேதானே போகும்? வால் கீழே போனது, மூக்கு மேலே எழும்பியது.

“இது வானத்துக்குப் போற கப்பலாக்கும்,” என்றாள் மனைவி.

வாலில் வைத்தால் சாய்வை மாற்றிப் போடவேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது. வாலை மேலே தூக்கினால்தான் மூக்குக் கீழே போகும். மாற்றினேன். இம்முறை தலைகுப்புறப் பாய்ந்தது. சாயத் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அடியில் ‘டொக்’ என்று மூக்கு இடித்த சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் சாய்ந்த செட்டைகளை முன்னுக்குக் கொண்டுபோனேன். வாலில் சாய்வில்லாத சின்னத் தகடு இரண்டு, ஆட்டத்தை அடக்க. கப்பல் படிப்படியாக, மரியாதையாக இறங்கியது. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், முன் செட்டைதான். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் தொட்டி சின்னது. கப்பல் வளைந்து திரும்பி வருமா என்று அதில் பார்க்க முடியாது. சுக்கானை ஒரு நகத்தளவு திருப்பி வைத்தேன். மிச்சம் என் கைக்கணக்கு.

வெள்ளிக்கிழமை வீட்டு வளவுக்குப் பின்னால், தோணா என்று நாங்கள் சொல்லும் உப்பாற்றின் கரையில் குடும்பமே கூடியது. கப்பலை நீரில் வைத்துப் பார்த்தேன். முதுகு அதிகமாக வெளியே தெரிந்தது. தொட்டியில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். இந்த உப்புத் தண்ணீர் கட்டையைத் தூக்கிவிட்டது.

“தம்பி, இது முங்கவே போறல்ல போல!” என்றார் காக்கா.

முன் செட்டைகளைப் பெருவிரலால் இன்னும் கொஞ்சம் கீழே வளைத்தேன். ரப்பரை இறுக்க முறுக்கி விட்டேன். நாலு முழம் ஓடியது, மூக்கைத் தாழ்த்தியது, மறைந்தது.

தண்ணீர் அடங்கிவிட்டது.

“மவுத்தாப் போச்சி,” என்றார் காக்கா. “சுத்தி அடக்கத் தறியில கபன் துணி இருக்கா, மாமா?”

நடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நான் கரையோரத்தைப் பார்த்தபடி நின்றேன். மனைவி நின்ற இடத்திலிருந்து ஒரு முழத்தில், பாதி வட்டம் அடித்து வந்து, ஈர முதுகு மேலே எழும்பியது. அவ்வளவு கிட்டே வரும் என்று நினைத்தேனா என்று கேட்டால், ஓம், நினைத்தேன்.

“மச்சான், பேர் வைக்க வேற ஊடு பாருங்க,” என்றாள் மனைவி, காக்காவைப் பார்த்து.

காக்கா குனிந்து கப்பலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்னுக்கா வெச்ச? ம்... திருகோணமலையிலயும் முன்னுக்குத்தான் இருந்திச்சி. நான்தான் சொல்லாம விட்டுட்டன்.”

அந்த வருட மாரி மழைக்கு முன்னர் மகள் பிறந்தாள். வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். அங்கே அவளை அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.